வீடு செட்டில் ஆகுது என்றேன்

1

போன மாதம் எங்களுக்கு செட்டில்மென்ட் கிடைத்தது. இங்கிலாந்துக்கு வந்து ஐந்து வருடம் முடிந்த வாரத்திலேயே விண்ணப்பம் போட்டிருந்தோம். பதில் மின்னஞ்சலில் வந்தது. இனி இந்த நாட்டில் காலவரையறை இல்லாமல் தங்கலாம், வேலை மாறலாம், எங்களுக்கு விசா கொடுத்த முதியோர் இல்லத்தை விட்டுப் போகவும் செய்யலாம். என் கணவர் வின்சன்ட் அதை மூன்று தடவை வாசித்துவிட்டு, கேக் வாங்கப் போவதாகச் சொல்லி வெளியே போனார்.

நான் தங்கை செல்விக்குப் போன் பண்ணினேன். அவள் இலங்கையில், அப்புத்தளைக்குக் கீழே, நாங்கள் பிறந்த அதே தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாள்.

“அப்ப செட்டில் ஆயிட்டீங்கன்னு சொல்லு” என்றாள்.

“ஆமா” என்றேன். அதற்கு மேல் அந்தச் சொல்லை அவளும் தொடவில்லை, நானும் தொடவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் அந்தச் சொல் ஆறு மாதமாக வேறு ஒரு காரணத்துக்காகக் கிடக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் இதை வாசிக்கிறவர்களில் சிலருக்கு விஷயம் பாதி தெரிந்திருக்கும். மீதி இது.

2

இங்கே வருவதற்கு முன் அப்புத்தளைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒன்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தேன். கரும்பலகையில் மூன்று கோடு இழுத்து நான்கு பத்தியாக்குவேன். சொல், பொருள், பிரயோகம், ஒத்த சொல். பிள்ளைகள் அதை அப்படியே கொப்பியில் இறக்க வேண்டும். பதுளையில் எனக்குப் படிப்பித்தவர்கள் செய்ததை நானும் செய்தேன். ஒரு சொல்லுக்கு நான்கு பத்தியும் நிரம்பிவிட்டால் அந்தச் சொல் நமக்குச் சொந்தமாகிவிட்டது என்று நினைத்தேன்.

செட்டில் என்ற சொல்லை நான் கட்டாயம் எழுதிப்போட்டிருப்பேன். பொருள்: குடியேறு, அமைதியாகு, தீர்த்துக்கொள். அவ்வளவுதான் இருந்திருக்கும்.

இங்கே வந்த பிறகுதான் அது எங்கெங்கே போய் வருகிறது என்று பார்த்தேன். மகள் ரேச்சலைப் பள்ளியில் சேர்த்த இரண்டாவது வாரம் வாசலில் வைத்து அவளுடைய ஆசிரியை, “ரேச்சல் நல்லா செட்டில் ஆகிவிட்டாளா?” என்று கேட்டார். அவர் கேட்டது பள்ளிக்குப் பழகிவிட்டாளா என்று. நான் விசாவைக் கேட்கிறார் என்று எண்ணி, “இன்னும் இல்லை, ஐந்து வருடம் ஆகும்” என்றேன். அவருடைய முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிள்ளைக்கு ஏதோ பெரிய மனக்கஷ்டம் என்று நினைத்து அன்றைக்கே என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். வீட்டில் அதைச் சொன்னபோது வின்சன்ட் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார். இப்போது பத்து வயதாகும் ரேச்சல் அந்தக் கதையைத் தன் சிநேகிதிகளுக்கு ஆங்கிலத்தில் சொல்கிறாள். அதில் வரும் அம்மாவுக்கு என் குரல் இல்லை, கொஞ்சம் கோமாளிக் குரல்.

முதியோர் இல்லத்தில் அந்தச் சொல் தினமும் வரும். காலையில் ஷிப்ட் மாறும்போது ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு எழுத வேண்டும். நன்றாகத் தூங்கியவருக்கு ‘செட்டில்ட்’. அழுதவருக்கு, கதவைத் தட்டியவருக்கு, செத்துப்போன புருஷனைத் தேடியவருக்கு எல்லாம் ‘அன்செட்டில்ட்’. என்ன நடந்தது என்று எழுதத் தேவையில்லை. அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும். எனக்கு அது வசதியாக இருந்தது. வேலை சீக்கிரம் முடியும்.

3

போன வருடம் வெயில் காலத்தில் எங்கள் வாடகை வீட்டின் மாடி அறையில், கதவுக்கு மேலே சுவரில் ஒரு வெடிப்பு விழுந்தது. நூறு வருடத்துக்கு மேல் பழைய செங்கல் வீடு. வீட்டுக்காரர் ஓர் இன்ஜினியரை அனுப்பினார். நல்ல மனிதர். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மெல்லிய அளவு அட்டையை வெடிப்பில் வைத்துப் பார்த்தார், வெளியே போய் அத்திவாரத்தைப் பார்த்தார், சாக்கடை மூடியைத் திறந்து பார்த்தார், தோட்டத்து மரம் எவ்வளவு தூரம் என்று அடி வைத்து அளந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

“வெறும் செட்டில்மென்ட்தான். கவலைப்பட ஒன்றுமில்லை. வீடு தன் பாரத்துக்கு உட்காருகிறது, அவ்வளவுதான்” என்றார்.

எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. வீடும் செட்டில் ஆகிறதாம். அன்றைக்கு வேலைக்குப் போய்க்கூட அதைச் சொன்னேன். இன்ஜினியர் பிறகு நான்கு பக்க அறிக்கை ஒன்று அனுப்பினார். அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

4

நவம்பரில் விண்ணப்பத்துக்கான கடதாசிகளைச் சேர்க்கத் தொடங்கினோம். ரேச்சல் பதுளை ஆஸ்பத்திரியில் பிறந்தவள். அவளுடைய பிறப்புச் சான்றிதழில் என் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தது. பாஸ்போட்டில் புஷ்பராணி, சான்றிதழில் புஸ்பராணி. சிங்களத்தில் எழுதி, அதைப் பார்த்து ஆங்கிலத்தில் பெயர்த்ததில் வந்த வினை. திருத்தி எடுக்க ஊரில் ஆள் வேண்டும். செல்வி இரண்டு நாள் பேர் இழந்து, அதாவது இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு, தோட்டத்து பஸ்ஸில் அப்புத்தளைக்கு ஏறி, அங்கிருந்து பதுளையில் மாவட்ட அலுவலகமான கச்சேரிக்குப் போனாள். மழை தொடங்கியிருந்தது.

இரண்டாவது நாள் பின்னேரம் அவள் போன் பண்ணினாள். எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம், அரை மணிதான். நுவரெலியாப் பக்கம் எங்கேயோ மண் சரிந்ததாக பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள் என்றாள். நான் சான்றிதழைப் பற்றிக் கேட்டேன். கையெழுத்து வைத்தாகிவிட்டது, வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்றாள். ரப்பர் முத்திரை எங்கே அடிக்க வேண்டும், எத்தனை பிரதி எடுக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன்.

“அக்கா, இன்னொண்ணு. குசினிப் பக்கம் சுவரு வெடிச்சிருக்கு. போட்டோ அனுப்பிருக்கேன் பாரு.”

செல்வி இருப்பது புது வீடு. ஒரே கூரைக்குக் கீழே அறை அறையாக நீளும் பழைய லயத்திலிருந்து பிரித்து, மலையை வெட்டித் தட்டையாக்கிக் கட்டிய வரிசையில் கடைசிக்கு முந்தின வீடு. கடைசி வீடு பாக்கியக்காவுடையது. வீடுகளுக்குப் பின்னால் வெட்டிய மண்மேடு செங்குத்தாக நிற்கும், அதைக் கரை என்போம். போட்டோவில் சமையலறைச் சுவர் வெடிப்பைப் பார்த்தேன். எங்கள் மாடி அறை வெடிப்பு மாதிரியே இருந்தது. கொஞ்சம் அகலம் கூட.

“அதுக்கு ஒண்ணும் இல்ல. புது வீடு செட்டில் ஆகுது. எங்க வீட்டுலயும் அப்படித்தான். இங்க இன்ஜினியர் வந்து பாத்துட்டு பயமில்லன்னு சொல்லிட்டாரு.”

“செட்டில் ஆகுதா?”

“ஆமா. வீடு ஒக்காருது. ஆறு மாசத்துல சரியாயிரும். அப்புறம் சிமெந்து பூசிக்கலாம்.”

“கதவும் சாத்த மாட்டேங்குது. பின்னால கரையில வேற…”

“மழைக்குப் பலகை ஊறியிருக்கும் செல்வி. எனக்கு நேரமாச்சு. வெள்ளிக்கிழமை மறக்காம எடுத்துரு.”

ஆறு மாதம் என்று எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. இன்ஜினியர் அப்படிச் சொல்லவில்லை.

5

அன்று மாலை சாப்பிடும்போது ரேச்சலிடம் சித்தி வீட்டுச் சுவரைப் பற்றிச் சொன்னேன். அவளோடு தமிழில் பேச ஏதாவது விஷயம் தேடிக்கொண்டே இருப்பேன். அதனால்தான் சொன்னேன்.

“அந்த இன்ஜினியர் சித்தி வீட்ட பாத்தாரா?” என்று கேட்டாள்.

“இல்ல. நம்ம வீட்டத்தான் பாத்தாரு.”

“அப்ப எப்படித் தெரியும்?”

சாப்பிட்டு முடித்துவிட்டு அந்த நான்கு பக்க அறிக்கையைத் திறந்தேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது. வெடிப்புக்குக் காரணம் செட்டில்மென்ட், அதாவது கட்டடம் தன் பாரத்தால் மெல்லத் தாழ்வது. சப்சிடன்ஸ், அதாவது கட்டடத்துக்குக் கீழே உள்ள நிலம் விலகிப் போவது, இங்கே இல்லை. நிலம் சமதளம், சரிவு எதுவும் இல்லை, ஆகவே மண் நகர்வு என்ற கேள்வி எழவில்லை.

இரண்டு சொல்லையும் அகராதியில் ஒத்த சொற்களாகப் போட்டிருக்கும் இடம் உண்டு. இரண்டுக்கும் தமிழில் ‘தாழ்தல்’ என்று நானே எழுதிக் கொடுத்திருப்பேன். ஒன்றில் வீடு அசைகிறது, மற்றதில் பூமி அசைகிறது.

இதில் எனக்குத் தாங்க முடியாதது இதுதான். 2014இல் மீரியபெத்த தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் மண்சரிவு அறிவித்தல் தாள் கொடுத்தார்கள். அதை என் வகுப்புச் சுவரில் ஒட்டியவள் நான். சுவரில் வெடிப்பு, சாத்த முடியாத கதவு, சாய்ந்த மரம், கரையில் திடீரென்று ஊறும் கலங்கல் தண்ணீர். இவற்றைப் பார்த்தால் யாரையும் கேட்காமல் வெளியேறு. பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி அதை வரிசையாகச் சொல்ல வைத்திருக்கிறேன். செல்வி அன்றைக்குச் சொன்னதில் இரண்டு இருந்தது. மூன்றாவதைச் சொல்ல வாயெடுத்தாள். நான் விடவில்லை.

உடனே அழைத்தேன். மணி போகவில்லை. மறுநாள் காலையிலும் போகவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினேன்: “நான் சொன்னது தப்பு. பிள்ளைகளோடு உடனே வெளியே போ. பாக்கியக்காவையும் கூட்டிக்கொண்டு போ.” ஒற்றை டிக் மட்டும் விழுந்தது, போய்ச் சேரவில்லை. அது இரட்டை டிக்காக மாறவேயில்லை. பதுளை மாவட்டம் முழுவதும் மழை, கரண்ட் இல்லை, பாதை உடைந்து கிடக்கிறது, ரயில் இல்லை என்று செய்திகளில் வந்தது. அப்புத்தளை என்ற பெயரை இங்கத்தைய தொலைக்காட்சியில் முதல் தடவையாகக் கேட்டேன். வாசித்தவர் அதைச் சரியாக உச்சரிக்கவில்லை.

மூன்று நாள் வேலைக்குப் போனேன். வயதானவர்களைக் குளிக்க வார்த்தேன், உடுப்பு மாற்றினேன், குறிப்பு எழுதினேன். வின்சன்ட் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் அடித்துப் பார்த்தார். கொழும்பில் இருந்த ஒருவருக்கும் தோட்டத்துத் தகவல் எட்டவில்லை.

6

நாலாவது நாள் மத்தியானம் யாருடையதோ ஒரு நம்பரில் இருந்து செல்வி பேசினாள்.

“அக்கா, நாங்க நல்லாருக்கோம். மேல ரோட்டுப் பள்ளிக்கூடத்துல இருக்கோம். புள்ளைங்க, இவரு, எல்லாரும்.”

அவள் சொல்லச் சொல்லக் கேட்டேன்.

அவளுடைய புருஷன் தர்மராஜ் தினமும் காலையில் வெடிப்பில் கையை வைத்துப் பார்த்திருக்கிறார். புதன்கிழமை நகம்தான் நுழைந்தது. வெள்ளிக்கிழமை விரல் நுழைந்தது. “ஒக்காருதோ எந்திரிக்குதோ, நான் இங்க இருக்க மாட்டேன்” என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டார். செல்வி துணிப்பையோடு பின்னால் போயிருக்கிறாள். பின்னேரம் மூன்று மணிபோல கரை இறங்கியது. அந்த வரிசையில் கடைசி இரண்டு வீட்டின் பின்பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

“பாக்கியக்கா?”

“ஆஸ்பத்திரில. பதுளையில. உயிருக்கு ஒண்ணுமில்ல. சுவரு கை மேல விழுந்திருச்சு. இவரும் ஆளுங்களும் மண்ணத் தோண்டி எடுத்தாங்க. சோத்துக் கையில மூணு வெரல எடுத்துட்டாங்களாம்.”

பாக்கியக்கா கொழுந்து பறிப்பவர். ஐம்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. மகன் என்னிடம் படித்தவன், கொழும்பில் கடையொன்றில் நிற்கிறான்.

“நீங்க போகும்போது அவங்கள கூப்பிடலயா?”

“கூப்பிட்டோம்.”

“அப்புறம் ஏன் வரல?”

பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தமும் சிங்களத்தில் யாரோ பெயர் கூப்பிடுகிற சத்தமும் கேட்டன.

“விடுக்கா.”

“சொல்லு.”

“அன்னிக்கு நீ சொன்னத நான்தான் அவங்ககிட்ட சொன்னேன். அவங்க மொதல்லயே மூட்டை கட்டி வச்சிருந்தாங்க, மகன்கிட்ட போறதுக்கு. நான்தான், அக்கா சொல்லிருச்சு, பயமில்லையாம், லண்டன் இன்ஜினியரே பாத்து சொல்லிட்டாராம்னு சொன்னேன். அவங்க மூட்டைய அவுத்துட்டாங்க. நாங்க கெளம்பறப்ப கூப்பிட்டதுக்கு, ‘டீச்சரே சொல்லிட்டாங்க, நீங்க ஏன்டி பயந்து சாகுறீங்க, நான் ஒல வச்சிருக்கேன்’னுட்டாங்க.”

லண்டன் இன்ஜினியர். இங்கே நாங்கள் இருக்கும் ஊர் லண்டனிலிருந்து மூன்று மணிநேரம். அவர் பார்த்தது எங்கள் மாடி அறைக் கதவை.

“நீ மட்டும் ஏன் நான் சொன்னத நம்பல?” என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கக்கூடிய கேள்வியில்லை, கேட்டுவிட்டேன்.

“நான் நம்புனேன்க்கா. இவருதான் நம்பல” என்றாள். பிறகு, “சர்டிபிகேட் எடுத்துட்டேன். மழை இருந்த இருப்புக்கு வெள்ளிக்கிழம எங்க போறது, அதான் வியாழக்கிழமயே போய் கெஞ்சி வாங்கிட்டேன். பையில பத்திரமா இருக்கு. நனையல” என்றாள்.

7

அந்தச் சான்றிதழ் வந்து சேர்ந்தது. அதை வைத்துத்தான் விண்ணப்பம் போட்டோம். கேட்ட இடத்திலெல்லாம் கேட்டதை எழுதினேன். பாக்கியக்காவின் மகனுக்கு வின்சன்ட் பணம் அனுப்பினார். அவன் நன்றி டீச்சர் என்று எழுதினான். அவனுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பாக்கியக்காவோடு நான் பேசவில்லை. ஐந்து மாதம். ஆஸ்பத்திரியில் இருக்கிறார், தொந்தரவு செய்யக்கூடாது என்றேன். பிறகு முகாமில் இருக்கிறார், சத்தமாக இருக்கும் என்றேன். பிறகு கிறிஸ்துமஸ். பிறகு விண்ணப்பம். வின்சன்ட் ஒரு நாள், “நீ பேசப்போறியா இல்லையா?” என்றார். பேசுவேன் என்றேன். வேலையில் நான் எழுதுகிற குறிப்புகள் மட்டும் நீளமாகிவிட்டன. ‘அன்செட்டில்ட்’ என்று எழுதி விடுவதில்லை. எந்தக் கதவைத் தட்டினார், யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று எழுதுகிறேன். மேலதிகாரி, இவ்வளவு தேவையில்லை என்றார். தலையாட்டிவிட்டு அப்படியே எழுதுகிறேன்.

போன மாதம், செட்டில்மென்ட் கிடைத்த செய்தியைச் செல்வியிடம் சொன்ன அதே அழைப்பில், “பாக்கியக்காகிட்ட போனக் குடு” என்றேன். இப்போது இரண்டு குடும்பமும் பழைய லயத்தில் பக்கத்துப் பக்கத்து ஒற்றை அறைக் காம்பராக்களில் இருக்கிறார்கள். செல்வி செருப்புப் போடுகிற சத்தம் கேட்டது.

“டீச்சரா? சாப்பிட்டீங்களா? புள்ள வளந்திருச்சா?” என்றார் பாக்கியக்கா. குரல் முன்பு போலவேதான் இருந்தது.

கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். காய்ந்துவிட்டது, குளிருக்குத்தான் வலிக்கும் என்றார். கொழுந்து பறிக்க மலைக்குப் போக முடியவில்லை. தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போட்டிருக்கிறார்கள். “எடது கையால தொட்டில ஆட்டுறேன். அதுங்களுக்கு எந்தக் கைன்னா என்னா?”

“பாக்கியக்கா, சுவரு வெடிச்சதுக்குப் பயமில்லன்னு நான் சொன்னது தப்பு. இன்ஜினியர் ஒங்க வீட்டப் பாக்கல. இங்க எங்க வீட்டத்தான் பாத்தாரு. இது சமதரை. அவரு சொன்ன ஒரு சொல்ல எடுத்து நான் ஒங்க வீட்டுக்குச் சொல்லிட்டேன்.”

அவர் போனை மறு காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது.

“அப்ப எங்க வீட்டப் பத்தி ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாதா?”

“தெரியாதுங்க.”

“தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே டீச்சர்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அந்தக் குரலுக்கு மன்னிப்பு என்ற சொல் பொருந்தவில்லை. “சொல்லியிருக்கணுங்க” என்றேன்.

இவ்வளவோடு போனைச் செல்வியிடம் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புறப்ப ஒரு கார்டு குடுத்தாங்க டீச்சர். முழுக்க இங்கிலீசு. ஒவ்வொரு தடவ கிளினிக் போறப்பவும் எடுத்துட்டுப் போறேன், பாத்துட்டு திருப்பிக் குடுத்துர்றாங்க. என் கையப் பத்தி என்னா எழுதிருக்குன்னு எனக்குத் தெரியாது. செல்விய போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றேன். படிச்சு சொல்றீங்களா?”

ஐந்து நிமிடத்தில் போட்டோ வந்தது. மடித்து மடித்துத் தேய்ந்த மஞ்சள் அட்டை, டாக்டர் கையெழுத்து. அழைப்பைத் துண்டிக்காமலே வரி வரியாகப் பார்த்தேன். வலது கை நசுங்கிய காயம் என்று வாசித்தேன். எந்தெந்த விரல், எந்தக் கணுவரை என்று வாசித்தேன். கொடுத்த மருந்துகள், போட்ட தையல், திரும்ப வர வேண்டிய நாள். ஒவ்வொன்றுக்கும் அவர் “ம்” என்றார்.

கடைசி வரியில் மூன்று எழுத்தில் சுருக்கி ஏதோ எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எலும்பைப் பற்றியதாக இருக்கலாம், நரம்பைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

“கடைசியில ஒரு வரி இருக்குங்க. அது எனக்குத் தெரியல. எங்க இல்லத்துக்கு வர்ற நர்ஸ்கிட்ட காட்டிக் கேக்குறேன். நாளைக்கு அவங்க வருவாங்க.”

“சரி டீச்சர். கேட்டுட்டே சொல்லுங்க. நான் இங்கதான இருக்கேன்” என்றார் பாக்கியக்கா.